நாற்பது நிமிடப் பாடவேளைக்கு ஒரு வெள்ளம்

விளையாட்டு டீச்சருக்குத் தோற்பதுதான் பிழைப்பு. வயது நாற்பத்தாறு. பதினான்கு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அப்போது ஒட்டிக்கொண்ட 'டீச்சர்' பட்டம் வேலையை விட்டு ஒன்பது வருடமாகியும் உதிரவில்லை. இப்போது பல்கலைக்கழகத்தின் பின்பக்கக் கட்டடத்தில், முன்பு வேதியியல் துறையின் சாமான் அறையாக இருந்த ஓர் இடத்தில் உட்கார்ந்து, பேராசிரியர்கள் எழுதித் தள்ளுகிற ஆய்வுகளைப் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களாக மாற்றுகிறார். கொஞ்சம் அட்டை, கொஞ்சம் மரக்காய், பகடை, மணல் கடிகாரம், எல்லாம் அடங்க ஒரு பெட்டி. முந்நூறு பக்கம் உள்ளே போனால் நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்று வெளியே வரவேண்டும். அந்த முந்நூறு பக்கத்தையும் படிக்கிறவர்கள் உலகத்தில் மொத்தமே நான்கு பேர் என்பார்: எழுதியவர், அவருக்கு வழிகாட்டியவர், மதிப்பெண் போட்டவர், நான்காவது தான். முதல் மூன்று பேரில் யாரோ ஒருவர் நடுவில் தூங்கியிருக்கிறார் என்பதும் அவருடைய கருத்து. தான் ஒருநாளும் தூங்கியதில்லை என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

தோற்பது எப்படிப் பிழைப்பாகும் என்று கேட்கலாம். புது ஆட்டத்தைச் சோதிக்கும்போதெல்லாம் டீச்சர் வேண்டுமென்றே மோசமாக ஆடுவார். ஜெயிக்கிறவர் கண்ணுக்கு விதியில் இருக்கும் ஓட்டை தெரியாது, தோற்கிறவருக்குத்தான் ஒவ்வொரு விதியும் உறுத்தும் என்பது அவர் தொழிலில் கற்றது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எதிரில் உட்காருகிறவர் அவர் கணவர், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். பகலெல்லாம் மற்றவர்கள் எலும்பைப் பார்த்துவிட்டு வந்து, சாயங்காலம் மனைவியிடம் ஜெயிப்பார். ஒன்பது வருடமாக ஜெயித்துக்கொண்டே இருப்பதைச் சொந்த மூளை என்று இன்னமும் மனதார நம்புகிறார், பாவம்.

டீச்சருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஆடுகிற பிள்ளை எடுக்கும் முடிவுக்குப் பலன் இருக்கவேண்டும். நல்ல முடிவு எடுத்தால் நல்லது நடக்கவேண்டும், தப்பான முடிவுக்கு அடி விழவேண்டும். அது இல்லையென்றால் பிள்ளைகள் பத்தாவது நிமிடத்தில் கொட்டாவி விடுவார்கள். கொட்டாவி என்றால் டீச்சருக்குப் பிரம்படி வாங்கிய மாதிரி. மண்புழு ஆட்டம், கொசு ஆட்டம், காய்கறி ஊருக்குள் வந்து சேரும் ஆட்டம் என்று பதினேழு பெட்டி செய்திருக்கிறார். ஒன்றிலும் கொட்டாவி கிடையாது. பதினெட்டாவதுதான் வெள்ளம்.

அந்த ஆய்வைக் கொண்டுவந்து மேசையில் வைத்தவர் அதே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். ஏழு வருடத்துக்கு முன்பு, அதே ஊரின் கோடியில், ஆற்றை ஒட்டிய மூன்று தெருக்களில் ஒரு பிற்பகல் தண்ணீர் புகுந்தது. அடுத்த வருடம் பேராசிரியர் அங்கே வீடு வீடாக ஏறி இறங்கினார். நூற்று அறுபத்தெட்டு வீடுகள். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும் என்ன செய்தீர்கள், உடனே கிளம்பினீர்களா, பொருளை எடுக்க நின்றீர்களா, வீட்டில் யாரை இழந்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கிளம்பியவர்கள் பிழைத்தார்கள், நின்றவர்கள் போனார்கள் என்றுதான் கணக்கு வரும் என எல்லோரும் நினைத்தார்கள். வரவில்லை. உடனே கிளம்பிய வீடுகள் தொண்ணூற்றாறு, அதில் பதினாறு வீட்டில் சாவு. நின்று கிளம்பிய வீடுகள் எழுபத்திரண்டு, அதில் பன்னிரண்டு வீட்டில் சாவு. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆறு வீட்டுக்கு ஒரு வீடு. அறிவிப்பே முக்கால் மணி நேரம் பிந்தி வந்திருக்கிறது. அது காதில் விழுந்தபோது பாலத்துக்குப் போகும் சாலையில் ஏற்கெனவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியவர்களை வழியில் பிடித்தது, நின்றவர்களை வாசலில் பிடித்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

டீச்சர் செய்த முதல் ஆட்டம் இந்த ஆய்வுக்கு அப்பட்டமான நகல். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீடு, வீட்டுக்கு நான்கு காய். உடனே கிளம்பலாம், நிற்கலாம். எதைச் செய்தாலும் கடைசியில் பகடையை ஒருமுறை உருட்டவேண்டும், ஒன்று விழுந்தால் ஒரு காய் போய்விடும். ஆறுக்கு ஒன்று. ஆய்வு முடிவு ஒன்று இத்தனை கச்சிதமாகப் பகடைக்குள் உட்கார்ந்தது அவர் அனுபவத்திலேயே முதல் தடவை. சந்தோஷமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்குப் போனார். இரண்டாவது சுற்றிலேயே ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், எப்படி ஆடினாலும் ஒண்ணுதான்னா எதுக்கு ஆடணும்? பேசாம பகடைய உருட்டிட்டுப் போயிடலாமே?"

வகுப்பு சிரித்தது. ஜன்னலோரம் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். டீச்சருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அன்று சாயங்காலம் ஒரே ஒரு விதியை மாற்றினார். உடனே கிளம்புகிறவர் பகடை உருட்டாமலே பாலத்தைக் கடக்கலாம். 'பொருளை எடுக்கத் திரும்பினாய்' என்ற அட்டையை எடுக்கிறவர் கட்டாயம் ஒரு காயை இழப்பார். கத்தரியும் பசையும் எடுத்து அட்டையை ஒட்ட அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த பள்ளியில் ஆட்டம் பற்றிக்கொண்டது. "திரும்பாதடி, திரும்பாத!" என்று பிள்ளைகள் கத்தின கத்தலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மனசுக்குள் ஓர் உறுத்தல் இல்லாமல் இல்லை. அதற்கு டீச்சர் கைவசம் ஒரு சமாதானம் வைத்திருந்தார். சீக்கிரம் கிளம்பு என்பது நல்ல புத்திமதிதானே, நாளைக்கு வேறொரு வெள்ளம் வந்தால் நாலு உயிர் பிழைக்கும். இப்படித் தனக்குத் தானே பூசி மெழுகிக்கொண்டு அலுவலகப் படிவத்தை நிரப்பினார். அதில் ஒரு கேள்வி: 'ஆய்வின் முடிவிலிருந்து விலகல் ஏதும் உண்டா?' எதிரில் 'இல்லை' என்று எழுதினார். பேராசிரியர் ஒரு சுற்று ஆடிப் பார்த்தார். புத்தகத்தை எடுக்கத் திரும்பிப் போய் ஒரு காயைப் பறிகொடுத்தார். "என் குணத்துக்குச் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க" என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பதினொரு பள்ளிகளில் சோதனை ஆட்டம் நடந்தது. அதில் ஒன்று ஆற்றங்கரைத் தெருப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. சொந்த ஊர் வெள்ளம் என்றால் ஆர்வமாக ஆடுவார்கள் என்று அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தவரும் டீச்சர்தான். அங்கே அவர் போகவில்லை. பெட்டியும் குறிப்பும் போயின, சமூக அறிவியல் ஆசிரியர் நடத்திக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் ஒரு தாள் எழுதவேண்டும்: 'இந்த விளையாட்டில் என்ன தெரிந்துகொண்டாய்?' பெயர் கிடையாது, வகுப்பும் வரிசை எண்ணும் மட்டும். நானூற்றுச் சொச்சம் தாள்கள் வந்தன. ஆய்வு உதவியாளர் பெண் ஒவ்வொன்றாகப் படித்து, பிள்ளைக்குப் புரிந்திருந்தால் பச்சை மையில் டிக் போட்டு வைத்திருந்தாள். எல்லாம் முடிந்து பெட்டி அச்சுக்குப் போயிருந்த வாரத்தில் டீச்சர் அந்தக் கட்டைப் புரட்டினார். பெட்டியின் பின்பக்கத்தில் அச்சடிக்க ஒரு குழந்தையின் வாசகம் வேண்டும், நன்றாக இருக்கிற வாசகமாகப் பொறுக்கலாம் என்று.

நூற்றுப் பதின்மூன்றாவது தாள், ஏழாம் வகுப்பு, வரிசை எண் இருபத்தொன்பது. குண்டு குண்டான கையெழுத்து.

'சீக்கிரம் கிளம்பியவர்கள் பிழைத்தார்கள். சாமான் எடுக்க நின்றவர்கள் வீட்டில் ஒருவர் செத்தார். எங்கள் அப்பா சாவி மெஷினைப் பரண்மேல் தூக்கி வைக்க நின்றார். எங்கள் அம்மா ஏன் செத்தார் என்று இப்போது புரிந்தது.'

பக்கத்தில் பச்சை டிக். புரிதல்: முழுமை.

டீச்சர் தாளைக் கவிழ்த்து வைத்தார், திரும்ப எடுத்துப் படித்தார். ஒரு வரியும் மாறவில்லை. உதவியாளர் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் படித்தாள். "அக்கா, நான் ஒரு நாளைக்கு நூறு தாள் பாக்குறேன்கா. ரெண்டாவது வரியிலேயே டிக் போட்டுட்டுப் போயிடுவேன். முழுசா படிக்கல. சத்தியமா படிக்கலக்கா."

"உன்மேல தப்பு இல்லம்மா. அந்த ரெண்டு வரியும் நான் சொல்லிக்கொடுத்தது."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சர் விளக்கவும் இல்லை. அச்சகத்துக்கு ஃபோன் போட்டார். "அண்ணே, வெள்ளம் பெட்டிய நிறுத்திடுங்க" என்றார். "மூடியெல்லாம் அச்சடிச்சாச்சேம்மா" என்றார் அச்சகக்காரர். "அடிச்சது அடிச்சதா இருக்கட்டும். உள்ள ஒண்ணும் வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்து பிடித்து ஆற்றங்கரைப் பள்ளிக்குப் போனார்.

சமூக அறிவியல் ஆசிரியர் அவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "வாங்க மேடம், வாங்க! பசங்க அந்த கேமத்தான் இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. திரும்ப எப்ப கொண்டு வரீங்க?"

டீச்சர் வரிசை எண்ணைச் சொன்னார். ஆசிரியரின் சிரிப்பு அடங்கியது.

"சாவிக்காரர் பொண்ணு. ஏன் கேக்குறீங்க? நல்லா படிக்கிற பொண்ணு மேடம். எப்பவும் அப்பா சைக்கிள்லதான் வரும். இப்ப மூணு வாரமா சித்தி வீட்டுல இருந்து தனியா நடந்து வருது. அந்த மனுஷன் ஸ்கூல் கேட்டுக்குப் பக்கத்துல வந்து நிப்பாரு. அது பாக்காத மாதிரி போயிடும். என்ன சண்டையோ, கேட்டா வாயே திறக்க மாட்டேங்குது."

மூன்று வாரம். ஆட்டம் ஆடியதும் மூன்று வாரத்துக்கு முன்புதான். ஆசிரியர் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. டீச்சருக்குச் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒன்றும் சொல்லாமல் விடைபெற்றுக்கொண்டார். சொல்லியிருக்கலாம்.

திரும்பி வரும் பேருந்தில் இன்னொன்று நடந்தது. அதை நினைத்தால் டீச்சருக்கு இன்றைக்கும் நெஞ்சு எரியும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவருக்குச் சரியான ஆட்டம் எது என்று சட்டென்று பிடிபட்டது. பிள்ளைகளை வீட்டுக்குள் உட்கார வைத்ததுதான் தப்பு. அந்தப் பிற்பகலில் வீட்டுக்குள் இருந்தவர்கள் எடுத்த முடிவுக்குப் பலனே இல்லை. பலன் இருந்தது அறிவிப்புக் கொடுக்கும் அறையில். ஆற்று மட்டத்தைப் பார்த்துக்கொண்டு, இப்போது சொல்லலாமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா என்று முக்கால் மணி நேரம் யோசித்த நாற்காலியில். பிள்ளைகளை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தால் ஆட்டமும் சூடு பிடித்திருக்கும், ஆய்வும் பொய்யாகியிருக்காது. பேருந்து நாலு நிறுத்தம் தாண்டுவதற்குள் தோன்றிவிட்ட யோசனை. கொட்டாவிக்குப் பயந்து கத்தரியைத் தூக்கிய அன்று, இன்னும் அரைமணி நேரம் பொறுத்திருந்தால் போதும். டீச்சர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் இருந்த அம்மாள், "வாந்தி வருதாம்மா? ஜன்னல நல்லா தொறந்து விடு" என்றார்.

நேரே பேராசிரியர் அறைக்குப் போனார். தாளை மேசைமேல் வைத்தார். தான் மாற்றிய விதியையும், படிவத்தில் எழுதிய 'இல்லை'யையும் மென்று முழுங்காமல் சொன்னார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆடும்போதே எனக்கு லேசா உறுத்துச்சு," என்றார். "அப்புறம் நினைச்சேன், சொல்ற விஷயம் நல்லதுதானேன்னு. சீக்கிரம் கிளம்புங்கறதுல என்ன கெடுதல்?"

"நானும் அதையேதான் சார் சொல்லிக்கிட்டேன்."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே பொய்யச் சொல்லியிருக்கோம்." தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அறுநூறு பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டிய பெட்டி. வேண்டாம்னு நான் எழுதிக் கொடுத்துடறேன். நீங்க மாத்திச் செய்யுங்க."

"அந்த நூத்தி அறுபத்தெட்டு வீட்டுக்கும் ஆய்வோட முடிவ யாராவது போய்ச் சொன்னாங்களா சார்?"

"அறிக்கை வந்துச்சே. இணையதளத்துல அஞ்சு வருஷமா இருக்கே."

சொன்ன கையோடு பேராசிரியருக்கே அது எப்படிக் கேட்டது என்று தெரிந்துவிட்டது. கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். அடுக்கவேண்டிய அளவுக்கு அங்கே எதுவும் கலைந்திருக்கவில்லை.

மறுநாள் காலை டீச்சர் சோதனைப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு சாவிக்காரரைத் தேடிப் போனார். மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆள் நிற்கிற அளவு கடை. பலகையில் வரிசை வரிசையாக ஆணி, ஆணியெல்லாம் வெட்டாத சாவிகள். நடுவில் அந்த இயந்திரம். அதைப் பார்த்ததும் டீச்சருக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சாவிக்காரருக்கு நாற்பது வயதிருக்கும், ஒல்லி, சட்டைக் கையெல்லாம் இரும்புத்தூள்.

"சொல்லுங்கம்மா. டூப்ளிகேட்டா?"

"சாவிக்கு வரலைங்க. உங்க பொண்ணு ஸ்கூல்ல வெள்ளம்னு ஒரு விளையாட்டு ஆடினாங்களே, அதைச் செஞ்சவ நான்தான்."

அவர் கையைத் துணியில் துடைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீச்சர் உட்காரவில்லை.

"அன்னைக்கு வந்து அதைப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தா," என்றார் சாவிக்காரர். "நல்ல விளையாட்டுன்னா. அப்புறம் சாப்பிடும்போது கேட்டா, 'அப்பா, அன்னைக்கு நீ மெஷினத் தூக்கி வைக்க நின்னதானே?'ன்னு. ஆமான்னேன். 'நிக்காம கிளம்பியிருந்தா அம்மா இருந்திருப்பாங்களா?'ன்னு கேட்டா."

இயந்திரத்தின் விளிம்பில் இருந்த தூளை விரலால் தள்ளினார்.

"இருந்திருப்பாங்கன்னு சொல்லிட்டேன். வேற என்னம்மா சொல்றது? ஏழு வருஷமா எனக்குத் தெரிஞ்சது அதுதான். புள்ள நேருக்கு நேரா கேக்கும்போது பொய் சொல்ல முடியுமா?"

டீச்சர் பயந்து வந்தது அவர் கோபத்துக்கு. திட்டுவார், பெட்டியைத் தூக்கி எறிவார் என்று நினைத்துத் தயாராக வந்திருந்தார். இது அவர் தயாராகாத அடி. தான் கத்தரித்து ஒட்டிய ஓர் அட்டையை வைத்து மகள் கேள்வி கேட்டிருக்கிறாள், அதற்கு இந்த மனிதர் தன் தலையைக் கொடுத்திருக்கிறார்.

"நீங்க சொன்னது உண்மை இல்லைங்க," என்றார் டீச்சர். "விளையாட்டுல இருக்கிறதும் உண்மை இல்ல. நான் மாத்தினது." பையிலிருந்து அறிக்கையின் பக்கத்தை எடுத்து, கணக்கை ஒவ்வொன்றாகச் சொன்னார். உடனே ஓடிய வீடுகள், நின்ற வீடுகள், இரண்டிலும் ஆறுக்கு ஒன்று, பாலத்துச் சாலையில் முன்பே ஏறிவிட்ட தண்ணீர், முக்கால் மணி நேரம். "நீங்க நின்னதால எதுவும் மாறலைங்க. ஓடியிருந்தாலும் அதே ஆபத்துதான்."

சாவிக்காரர் பக்கத்தைக் கையில் வாங்கினார். படித்தாரா, சும்மா பார்த்தாரா, தெரியவில்லை.

"எங்க வீட்டுக்கும் வந்தாரு ஒரு புரொஃபசர். ரெண்டு மணி நேரம் உக்காந்தாரு. எல்லாத்தையும் சொல்லிட்டு அழுதேன். எழுதிக்கிட்டுப் போனாரு."

"இந்த எழுபத்திரண்டுல ஒண்ணு உங்க வீடு."

"இது எப்ப தெரிஞ்சுதும்மா அவங்களுக்கு?"

"அஞ்சு வருஷம் ஆச்சுங்க."

"அஞ்சு வருஷம்," என்றார் அவர். பக்கத்தை ஒழுங்காக இரண்டாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சாவி எதையும் மாட்டாமலே இயந்திரத்தை ஓடவிட்டு, டீச்சருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்றார். படியேற வந்த ஒருவர் இருவரையும் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார். ரொம்ப நேரம் கழித்து இயந்திரம் நின்றது.

"அவகிட்ட நான் இதைச் சொன்னா, தப்பிக்கப் பாக்குறேன்னு நினைப்பா. நீங்க போய்ச் சொல்லுங்க. சித்தி வீடு அந்த முனையில, ரெண்டாவது மாடி. ஸ்கூல் விட்டு நாலரைக்கு வந்துடுவா."

நாலரை மணிக்கு டீச்சர் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இறந்தவருடைய தங்கை, அந்தப் பெண்ணுக்குச் சித்தி, விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சமையலறை வாசலில் நின்றார். பெண் வந்தாள். பன்னிரண்டு வயது, அப்பாவைப் போலவே ஒல்லி. டீச்சர் மடியில் இருந்த வெள்ளம் பெட்டியைப் பார்த்தாள்.

"இது எங்க ஸ்கூல் கேமாச்சே?"

"ஆமாம்மா. நான்தான் செஞ்சேன். இதுல ஒரு விதிய நான் தப்பா வச்சுட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

டீச்சர் சொன்னார். வகுப்பில் சொல்வது போல் நன்றாகச் சொல்லவேண்டும் என்று பேருந்திலேயே ஒத்திகை பார்த்திருந்தார். ஒத்திகை எதற்கும் உதவவில்லை. தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார். பெண் பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்.

"அப்பா சொல்லி அனுப்பினாரா?"

"இல்லம்மா. நானாத்தான் அவரத் தேடிப் போய்ச் சொன்னேன். இங்க வரச் சொன்னதுதான் அவரு."

"அன்னைக்கு கேம்ல ஒரு ரூல் வச்சீங்க. இன்னைக்கு வேற ரூல் சொல்றீங்க. இதுவும் நீங்களே மாத்தினதா இருந்தா?"

நியாயமான கேள்வி. ஒன்பது வருடத்தில் எந்தப் பிள்ளையும் அவரை இப்படி மடக்கியதில்லை. டீச்சர் அறிக்கையின் பக்கத்தை நீட்டினார். "நான் சொல்றத நம்ப வேண்டாம். இது வீடு வீடா போய் எழுதின கணக்கு. நீயே போட்டுப் பாரு."

அவள் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து ரஃப் நோட்டை எடுத்தாள். தொண்ணூற்றாறைப் பதினாறால் வகுத்தாள். எழுபத்திரண்டைப் பன்னிரண்டால் வகுத்தாள். இரண்டாவதை அடித்துவிட்டு மறுபடி போட்டாள். பென்சில் நின்றது.

"ரெண்டும் ஆறு."

"ஆமா."

"அப்ப ஓடியிருந்தாலும்..." அவள் முடிக்கவில்லை. வாசலில் நின்ற சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அப்பா ஆமான்னு சொன்னாரே?"

"அவருக்குத் தெரியாதும்மா. அவருகிட்ட யாரும் சொல்லல. இன்னைக்குக் காலைலதான் தெரியும்."

"உங்களுக்கு?"

"எனக்கு முன்னாடியே தெரியும்."

"கேம் செய்யும்போதே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் மாத்தினீங்க?"

டீச்சர் வாயைத் திறந்தார். நாளைய வெள்ளம், பிழைக்கப்போகும் நாலு உயிர், நல்ல புத்திமதி எல்லாம் நுனிநாக்கில் தயாராக இருந்தன. பேராசிரியரும் தனக்குச் சொல்லிக்கொண்ட பேச்சு அது. ரஃப் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தன்னை நிமிர்ந்து பார்க்கும் இந்தக் குழந்தையிடம் அவற்றில் ஒன்றைக்கூட வெளியே எடுக்க அவருக்குக் கூசியது. உண்மையான காரணம் ஒன்றுதான் இருந்தது. அது எத்தனை அற்பம் என்பது சொல்வதற்கு முன்பே தெரிந்தது.

"பசங்களுக்கு போர் அடிச்சுதும்மா," என்றார்.

பெண் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கத்தியிருக்கலாம், அழுதிருக்கலாம், டீச்சர் எதையும் வாங்கிக்கொண்டிருப்பார். அவள் எழுந்தாள். கணக்குப் போட்ட தாளை நோட்டிலிருந்து கிழித்து, அறிக்கையின் பக்கத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"சித்தி, அப்பா இப்ப கடையிலதானே இருப்பாரு?"

"இருப்பாருடி கண்ணு. போ."

டீச்சரும் எழுந்தார். "நானும் வரேம்மா. ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் விடறேன்."

"வேணாம்," என்றாள் பெண், செருப்பை மாட்டிக்கொண்டே. "நீங்க வராதீங்க."

படியில் காலடிச் சத்தம் முதலில் நடந்தது, ஒரு மாடி இறங்கியதும் ஓட ஆரம்பித்தது. டீச்சர் பெட்டியை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். அவள் அப்பாவிடம் போய்க்கொண்டிருக்கிறாள், அது போதும் என்று நினைக்கப் பார்த்தார். போதவில்லை. கணக்கை யாரும் போய்ச் சொல்லாமல் அந்த மூன்று தெருக்களில் இன்னும் நூற்று அறுபத்தேழு வீடுகள் இருந்தன.